செய்பவனும் விற்பவனும்

யப்பானிய மோட்டார் வண்டிகளை நம் தெருக்களில் நாள்தோறும் காண்கின்றோம். அவை தோன்றிய நாள் முதலே குறையற்றவை என்று எண்ணியும் விடுகின்றோம். வரலாறோ வேறு கதை சொல்கின்றது.

1950ஆம் ஆண்டில் ரொயோட்டாக் கம்பனி கடனில் மூழ்கித் தத்தளித்தது. கைகொடுக்க வந்த வங்கிகள் ஒரு நிபந்தனை விதித்தன. வண்டி செய்வது ஒரு கம்பனி, விற்பது இன்னொரு கம்பனி எனப் பிரிந்துவிட வேண்டும் என்பதே அது. விற்கக்கூடிய அளவுக்கு மேல் செய்து குவித்தலாகாது என்பது வங்கியாளரின் கணக்கு. கணக்குச் சரிதான், ஆயின் ஒரு வீட்டில் அடுப்பு ஓரிடத்திலும் அகப்பை வேறோரிடத்திலும் இருந்தாற் சமையல் எப்படியிருக்கும்?

விற்பனைக் கம்பனியின் தலைவர் கமியா ஷொட்டாரோ. 1957இல் அமெரிக்காவின் ஹொலிவூட்டில் விற்பனை நிலையம் நிறுவப்பட்டது. மறு ஆண்டில் அங்கே விற்பனையானவை 287 'கிரவுண்' வண்டிகளும் ஒரேயொரு 'லாண்ட் குரூசரும்' மாத்திரமே.

காரணம் யாது? கிரவுண், யப்பானின் கரடுமுரடான தெருக்களுக்கென்று உறுதியாகவும் பாரமாகவும் ஆக்கப்பட்ட வண்டி. அதன் இயந்திரமோ 1.5 லீற்றர். அமெரிக்கப் பெருந்தெருக்களில் மணிக்கணக்காக விரைந்தோட நேர்ந்தபோது வண்டி அதிர்ந்தது; இயந்திரம் சூடேறி வலுக் குன்றியது. தொழிற்சாலையில் நல்ல வண்டி, துறைமுகத்திலும் நல்ல வண்டி. வாங்கியவர் கையில் மட்டும் தொல்லை! முதலில் ஏச்சுக் கேட்பவர் அதை வரைந்த பொறியியலாளர் அல்லர், கடை திறந்து வைத்திருக்கும் முகவரே.

1960இன் இறுதியில் கிரவுண் விற்பனை நிறுத்தப்பட்டது. அதன்பின் முகவர்களை ஒருவாறு தாங்கி நின்றது லாண்ட் குரூசரே. கைவிட்டுப் போகாமல் அந்தச் சில ஆண்டுகளைக் கடத்திய முகவர்களின் பொறுமையை நாம் பெரிதாக மதிக்கின்றோம். அவர்கள் கலைந்திருந்தால் பின்னர் எவ்வளவு நல்ல வண்டி வந்திருப்பினும் விற்க ஆளிருந்திராது.

1965இல் 'கொரோனா' அமெரிக்கக் கரை சேர்ந்தது. இம்முறை அந்நாட்டு ஓட்டுநரின் தேவை அறிந்தே வண்டி அமைந்திருந்தது: 90 குதிரைவலு இயந்திரம், விரும்பியோர்க்குத் தானியங்கிக் கியர். அடுத்த ஆண்டிலேயே ரொயோட்டாவின் அமெரிக்க விற்பனை 20,000 வண்டிகளைத் தாண்டிற்று.

கடனுக்காகப் பிரிந்த இரு கம்பனிகளும் மீண்டும் ஒன்றானது 1982 யூலையிலேதான். இடைப்பட்ட முப்பத்திரண்டு ஆண்டுகளும் செய்பவனும் விற்பவனும் இரு வேறு கம்பனிகளாகவே இருந்து, ஒரே வண்டியைக் கடல் கடந்து அனுப்பினர்.