டேங்க்கில் ஊற்றும் 'இன்ஜின் கிளீனர்' எங்கே போகிறது? டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு!

"சார், இன்ஜின் கிளீனர் ஒரு பாட்டில் ஊத்திடட்டுமா? மைலேஜ் நல்லா வரும்!"

பெட்ரோல் பங்க்கிலோ, சர்வீஸ் சென்டரிலோ இந்தக் கேள்வி காதில் விழாத கார் உரிமையாளர்கள் குறைவு. சில நூறு ரூபாய்தானே என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம். ஊற்றியது எங்கே போகிறது, எதைச் சுத்தம் செய்கிறது என்று கேட்பதில்லை.

உங்கள் காரில் இருப்பது டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் இன்ஜின் என்றால் கட்டாயம் கேளுங்கள். அந்த வகை இன்ஜினில் கார்பன் அதிகம் படியும் இடத்துக்கு, டேங்க்கில் ஊற்றும் திரவம் போய்ச் சேருவதே இல்லை!

வாசல் தெளிக்காத வீடு

பழைய வகை இன்ஜினை ஒரு வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். இன்டேக் வால்வுதான் வாசல் கதவு. காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகும். பெட்ரோலையும் இன்ஜெக்டர் அந்த வாசலில்தான் தெளிக்கும். தினமும் வாசல் தெளிப்பதுபோல, ஒவ்வொரு முறையும் பெட்ரோல் பட்டு வால்வின் பின்பக்கம் கழுவப்பட்டுக்கொண்டே இருக்கும். பெட்ரோலில் கலந்த கிளீனரும் அங்கே வேலை செய்யும்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் வாசலுக்கு வருவதில்லை. நேராக உள்ளே, எரியும் அறைக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது. அதற்கான அழுத்தம் 200 பார் முதல் 350 பார் வரை. டயர் ஆலை இருக்கும் அரக்கோணத்துக்காரர்களுக்கு டயர் கணக்கிலேயே சொல்வதென்றால், கார் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் சுமார் நூறு மடங்கு! பெட்ரோல் நுண்துளியாகச் சிதறி நன்றாக எரிவதால், சின்ன இன்ஜினிலும் நல்ல பவர் கிடைக்கிறது.

ஆனால் வாசல் காய்ந்து கிடக்கிறது. இன்ஜினுக்குள்ளிருந்து வரும் ஆயில் ஆவி, காற்றோடு சேர்ந்து வால்வின் பின்பக்கம் ஒட்டுகிறது. சூட்டில் வெந்து கரியாகிறது. கழுவ ஆளில்லை.

கார் கம்பெனிகளுக்கும் இது தெரியும். டொயோட்டா 2005-ம் ஆண்டு வாக்கில், ஒரே இன்ஜினில் உள்ளே ஒன்று, வாசலில் ஒன்று என இரண்டு இன்ஜெக்டர்கள் வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதனால் கிடைத்த நன்மைகளில் ஒன்று, வால்வு மறுபடியும் பெட்ரோலில் நனைவது.

உங்கள் கார் எந்த வகை?

இது ஒன்றும் புத்தம்புதுத் தொழில்நுட்பம் இல்லை. 1954-ல் அறிமுகமான மெர்சிடிஸ் 300 எஸ்.எல் காரிலேயே உண்டு. 1996-ல் மிட்சுபிஷி இதை நவீன வடிவில் கொண்டுவந்தது. நம் பக்கத்தில், மறைமலைநகரில் தயாரான போர்டு ஈகோஸ்போர்ட்டின் ஈகோபூஸ்ட் மாடல் 2013-ல் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே தயாரான ஹூண்டாய் வென்யூ, 2019-ல் டர்போ ஜி.டி.ஐ இன்ஜினோடு வந்தது. கியா சோனெட், செல்டோஸ் டர்போ பெட்ரோல், டி.எஸ்.ஐ இன்ஜின் கொண்ட ஃபோக்ஸ்வாகன் டைகுன், விர்ட்டஸ், ஸ்கோடா குஷாக், ஸ்லாவியா, மஹிந்திரா எக்ஸ்.யு.வி 700 பெட்ரோல் எல்லாம் இந்த வகைதான்.

மாருதி வேகன் ஆர், ஸ்விஃப்ட் போன்றவை வாசலில் பெட்ரோல் தெளிக்கும் வகை. அவர்களுக்கு வால்வு பற்றிய இந்தக் கவலை குறைவு. சந்தேகமாக இருந்தால் காரின் கையேட்டைப் பாருங்கள். ஜி.டி.ஐ, டி.எஸ்.ஐ என்றெல்லாம் இருந்தால் டைரக்ட் இன்ஜெக்‌ஷன்.

அப்படியானால் அடிட்டிவ் வீணா?

வீண் இல்லை. அதன் எல்லை வேறு. இன்ஜெக்டரின் நுனி எரியும் அறைக்குள்ளேயே இருப்பதால், அங்கேயும் கார்பன் படியும். ஸ்ப்ரே கோணல் மாணலாகும். ஸ்டார்ட்டிங் கரடுமுரடாகும், பிக்கப் குறையும். இந்த நுனியையும் பிஸ்டன் தலையையும் சுத்தம் செய்ய நல்ல அடிட்டிவால் முடியும். வாங்கும்போது 'பாலிஈதர் அமைன்' (பி.இ.ஏ) உள்ளதா என்று பாருங்கள். எரியும் அறையின் சூட்டைத் தாங்கி வேலை செய்யக்கூடிய பொருள் அது.

'ஆக்டேன் பூஸ்டர்' என்று விற்பது வேறு சரக்கு. அதற்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. அவற்றில் சிலவற்றில் இருக்கும் ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மம், ஸ்பார்க் பிளக்கில் சிவப்பாகப் படிந்து புதுத் தொல்லை தரும்.

"மைலேஜ் ஏறும்" என்பதிலும் கவனம் தேவை. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். லிட்டருக்கு லிட்டர், எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஆக, மொத்த ஆற்றலில் சுமார் 6 முதல் 7 சதவிகிதம் குறைகிறது. அதனால் குறையும் மைலேஜை எந்த பாட்டிலாலும் திருப்பித் தர முடியாது.

ஸ்டேஷன் வரை மட்டும் ஓடும் கார்

அரக்கோணத்தில் பல வீடுகளில் காரின் தினசரி வேலை என்ன? காலையில் ஜங்ஷன் வரை இரண்டு, மூன்று கிலோமீட்டர். அங்கிருந்து சென்னைக்கு ரயில். மாலையில் அதே தூரம் திரும்பி வீடு. கார் அதிகம் ஓடவில்லை, இன்ஜின் புதுசு மாதிரி இருக்கும் என்று நினைப்போம். நடப்பது நேர் எதிர்.

இன்ஜின் முழுதாகச் சூடேறுவதற்குள் அணைத்துவிடுகிறோம். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலக்கின்றன. ஆயில் கெட்டால் அதன் ஆவியும் கூடும். அதுதான் வாசல் வால்வில் கரியாகிறது. அதனால் வாரம் ஒருமுறையாவது திருத்தணி, சோளிங்கர், காஞ்சிபுரம் என்று அரை மணி நேரத்துக்குக் குறையாமல் சீராக ஓட்டிவிட்டு வாருங்கள். ஏற்கெனவே படிந்த கரி இதனால் போகாது. ஆனால், ஆயிலில் சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறும்.

இப்படி ஓடும் காருக்கு 'வருஷத்துக்கு ஒரு சர்வீஸ்' என்ற கணக்கு போதாது. கடினமான பயன்பாட்டுக்கு என்று கையேட்டில் தனி அட்டவணை இருக்கும். அதன்படி முன்கூட்டியே ஆயில் மாற்றுங்கள். டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களுக்கு ஆயிலின் தரமும் முக்கியம். 2020-ல் வந்த ஏ.பி.ஐ எஸ்.பி தரம் இத்தகைய இன்ஜின்களையும் மனதில் வைத்து உருவானது. ஆனாலும், கையேடு சொல்லும் தரத்துக்கே முதலிடம்.

கரி படிந்துவிட்டால்?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் நடுங்குகிறதா? ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் தயங்குகிறதா? செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா? பாட்டில் வாங்கும் முன் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் கெட்டாலும் இதே அறிகுறிகள்தான் வரும்.

வால்வில்தான் கரி என்று உறுதியானால், இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிச் சுத்தம் செய்வது உலகம் முழுக்க நம்பப்படும் முறை. உலோகத்தைக் கீறாது, கரியை உரித்துவிடும். இந்தக் கருவியும் அனுபவமும் உள்ள இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

மறக்காதீர்கள்!

* அடிட்டிவை ஒவ்வொரு முறையும் ஊற்ற வேண்டாம். கையேடு அனுமதித்தால், அது சொல்லும் இடைவெளியில், சொன்ன அளவு மட்டும். ஆயில் மாற்றுவதற்கு முந்தைய டேங்க்கில் ஊற்றுவது நல்லது.

* இரண்டு கம்பெனி அடிட்டிவ்களைக் கலக்காதீர்கள்.

* எக்ஸ்.பி 95, ஸ்பீடு, பவர் போன்ற பிரீமியம் பெட்ரோலில் அடிட்டிவ் ஏற்கெனவே உண்டு. அதற்கு மேலும் ஊற்றினால் செலவுதான்.

* மண்ணெண்ணெய், 2டி ஆயில் போன்ற பழைய வைத்தியங்கள் வேண்டவே வேண்டாம். டீசல் காரில் மண்ணெண்ணெய் கலந்தால் வழவழப்பு குறைந்து உயர் அழுத்த பம்ப் தேயும்.

* இன்ஜெக்டரைக் கழற்றினால் அதன் டெஃப்லான் சீலைப் புதிதாக மாற்ற வேண்டும். சும்மா கழற்றித் துடைக்க விடாதீர்கள்.

* வாரன்ட்டி உள்ள காரில் எதை ஊற்றினாலும், முதலில் சர்வீஸ் சென்டரில் எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தமுறை யாராவது பாட்டிலை நீட்டினால், "இது இன்ஜெக்டருக்கா, வால்வுக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். வால்வுக்கும் சேர்த்துத்தான் என்று பதில் வந்தால், அந்தப் பணத்தை ஆயில் செலவுக்கு எடுத்து வையுங்கள்!