டாலர் விலையைக் கணிக்கும் கணக்கு: நம்புவதற்கு முன் ஒரு சோதனை

டெக்னிக்கல் இண்டிகேட்டர் என்பது கடந்த விலைகளை வைத்துப் போடும் ஒரு கணக்கு. 20 நாள் சராசரி 50 நாள் சராசரியைத் தாண்டி ஏறினால் டாலரை வாங்கு, கீழே இறங்கினால் விற்றுவிடு என்பது அதில் எளிய விதி. 1978இல் வெல்ஸ் வைல்டர் அறிமுகப்படுத்திய ஆர்எஸ்ஐ, 14 நாள் ஏற்ற இறக்கத்தை 0 முதல் 100 வரையான ஓர் எண்ணாகச் சுருக்குகிறது. 70ஐத் தாண்டினால் விலை அளவு மீறி ஏறிவிட்டதாகப் பொருள். இத்தகைய விதியைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்ப்பதற்கு பேக்டெஸ்ட் என்று பெயர்.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஏற்றுமதியாளர் கோடையில் பழத்துக்கு ரூபாயைக் கொடுத்துவிட்டு, டாலர் வரும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் டாலர் சரிந்தால் லாபம் கரையும். டாலரை எப்போது விற்பது என்று முடிவெடுக்கத்தான் அவர் இண்டிகேட்டரை நாடுகிறார். 2008 ஆகஸ்ட் 29 அன்று தேசியப் பங்குச் சந்தையில் தொடங்கிய டாலர்-ரூபாய் ஃபியூச்சர்ஸ், அதாவது பின்னொரு நாளுக்கான டாலர் விலையை இன்றே உறுதி செய்யும் ஒப்பந்தம், இவர் போன்றவர்களுக்கானது. இதில் ஒரு லாட் 1,000 டாலர். விலை ஒரு பைசா நகர்ந்தால் 10 ரூபாய். செலாவணி வரவோ செலவோ இல்லாமல் ஊக வணிகத்துக்காக இதில் இறங்க இடமில்லை என்பதை ரிசர்வ் வங்கி 2024இல் கறாராகவே சொல்லிவிட்டது. அனுமதியற்ற செலாவணி ஆப்களின் எச்சரிக்கைப் பட்டியலையும் 2022 முதல் வெளியிட்டு வருகிறது.

பேக்டெஸ்டில் பலரும் முதலில் கோட்டை விடுவது செலவில்தான். ஒரு வணிகத்துக்குச் சராசரி லாபம் 5 பைசா என்றால் லாட்டுக்கு 50 ரூபாய். வாங்க 20, விற்க 20 என்று தரகு போனால் மிச்சம் 10. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி அதையும் தின்றுவிடும். மாலை 5 மணி விலையில் பிறந்த சிக்னலுக்கு அன்று காலை விலையிலேயே வாங்கியதாக எழுதிவைப்பது இன்னொரு பிழை. எக்செல் தாளில் ஒரு வரிசை மாறினாலே போதும், நஷ்டம் லாபமாகிவிடும்.

இவற்றைவிட ஆபத்தானது பேராசை. 20, 50க்குப் பதில் 18, 47 என்று நூறு விதமாக மாற்றிப் பார்த்தால், எதற்கும் உதவாத விதிகளிலும் ஐந்தாறு தற்செயலாகப் பளிச்சிடும். எனவே 2018 வரையான விலைகளில் விதியை முடிவு செய்து, பிந்தைய ஆண்டுகளில் ஒரே ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதில் தோற்றதும் மறுபடி எண்ணைத் திருத்தினால், அது சோதனையே அல்ல.

காலமும் முக்கியம். 2013 மே முதல் ஆகஸ்ட் வரை டாலர் சுமார் 55 ரூபாயிலிருந்து 68க்கு ஏறியது. சராசரி விதிக்கு அது பொற்காலம். 2023 இறுதி முதல் ஏறக்குறைய ஓராண்டு, ரிசர்வ் வங்கியின் தலையீட்டால் விலை 83ஐ ஒட்டியே நின்றது. அங்கே அதே விதி மாறி மாறிப் பொய்ச் சிக்னல் தரும். ஆகவே இரண்டு காலங்களும் சோதனைக்குள் வர வேண்டும்.

ஏற்றுமதியாளருக்கு ஒப்பீடு பூஜ்யத்தோடு அல்ல. பில் போட்ட அன்றே ஃபியூச்சர்ஸில் டாலரை விற்றிருந்தால் கிடைத்திருக்கும் ரூபாயோடுதான். இந்திய வட்டி அமெரிக்க வட்டியைவிட அதிகமாக இருப்பதால் ஃபியூச்சர்ஸ் விலை பொதுவாக அன்றைய விலையைவிடச் சற்று உயர்ந்தே இருக்கும். இண்டிகேட்டர் செலவு போக அதையும் மிஞ்ச வேண்டும்.