முள்ளின் மிச்சம்

மைசூருவிலிருந்து நஞ்சன்கூடு போகும் சாலையோரம் ஒரு பஞ்சர் கடை. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டர் ஒன்று வாசலில் ஜாக்கி மேல் நின்றது. கழற்றிய முன்சக்கரத்தின் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வந்த இடத்தைத் துடைத்துப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டார் கடைக்காரர். இனி ஒட்டுப் போட வேண்டியதுதானே என்று நினைத்தேன். அவர் டியூபை ஓரமாக வைத்துவிட்டு, பழைய வேட்டித் துணியைச் சுருட்டி டயரின் உட்புறத்தைச் சுற்றிலும் துடைக்க ஆரம்பித்தார். பாதிச் சுற்றில் துணி எதிலோ மாட்டி நூல் பிரிந்தது.

"இதுதான் சார். நாலு நாள் முன்னாடி வேற எங்கேயோ ஒட்டியிருக்காங்க. டியூபை மட்டும் பார்த்து ஒட்டி அனுப்பிட்டாங்க. முள்ளு உள்ளேயே இருந்திருக்கு" என்றார். சேலம் பக்கத்துக்காரர்.

உள்ளே எட்டிப் பார்த்தது அரை அரிசி உயரம்கூட இருக்காது. வெளிப்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. குறடால் நுனியைப் பிடித்து இழுத்தபோது வந்தது அரை விரல் நீளம்.

ஆணிக்குக் கொண்டை உண்டு. அது வெளியே தெரியும், பிடுங்கலாம். முள்ளின் அடி டயர் மட்டத்தோடு ஒடிந்துவிடுகிறது. மிச்சம் ரப்பருக்குள்ளும் நூலடுக்குக்குள்ளும் தங்கி, சக்கரம் சுற்றும்போதெல்லாம் டயர் நசுங்கி விரிய, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்கிறது. இன்று குத்திய முள் அடுத்த வாரம் டியூபைத் தொடலாம். ஒரே சக்கரம் மாதத்தில் மூன்று முறை காற்றிறங்கினால் டியூபைக் குறை சொல்லி மாற்றுகிறோம். புது டியூபும் அதே முள்ளின் மேல்தான் உட்காருகிறது.

இந்தப் பக்கத்தில் முள்ளுக்குப் பஞ்சமில்லை. கருவேல முள் வெள்ளையாக, நேராக, ஜோடி ஜோடியாக நிற்கும். கன்னடத்தில் ஜாலி. சீமைக் கருவேலத்துக்கு இங்கே பள்ளாரி ஜாலி என்று பெயர். நம் ஊரில் அதையே வேலிகாத்தான் என்கிறோம். 1877 வாக்கில் கடப்பாவுக்கு விதையாக வந்த அயல்நாட்டு மரம், வேலியைக் காத்த லட்சணம் எல்லோருக்கும் தெரியும். வேரோடு பறித்த நிலம்தான் டயருக்கு இன்னும் மோசம். ஜேசிபி மரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடும். சுள்ளி மண்ணோடு கலந்து கிடக்கும். பச்சை முள் வளைந்து கொடுக்கும், காய்ந்தது கொடுக்காது. அப்படிப்பட்ட நிலத்தில் சுள்ளியை வாரிக் கட்டாமல் டிராக்டரை இறக்கினால் உழவுக்கூலியைவிடப் பஞ்சர் கூலி அதிகமாகிவிடும்.

நெருஞ்சியையும் விட்டுவிடக் கூடாது. டிராக்டர் டயரை அது பெரிதாக ஒன்றும் செய்யாது, சைக்கிளைப் படுத்தும். அமெரிக்காவுக்கு அது போய்ச் சேர்ந்து பெரிய தொல்லையாகிவிட்டது. அதன் விதையையும் தண்டையும் தின்னும் இரண்டு வகைக் கூன்வண்டுகளை 1961-ல் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். முள்ளுக்கு எதிராகப் படை திரட்டியது நாம் மட்டும் இல்லை.

மைசூரு டயர் செய்யும் ஊர் என்பதும் நினைவுக்கு வருகிறது. கேஆர்எஸ் சாலையில் இருக்கும் விக்ராந்த் ஆலையை 1997-ல் ஜேகே டயர் வாங்கியது. டிராக்டருக்குக் காற்று டயர் வந்ததே அப்படியொன்றும் பழைய கதை இல்லை. 1932-ல் அமெரிக்காவின் அலிஸ் சால்மர்ஸ் நிறுவனம்தான் காற்று டயரோடு டிராக்டரை விற்கத் தொடங்கியது. அதற்கு முன் இரும்புச் சக்கரம். முள் பயம் இல்லை, முதுகு போய்விடும்.

டயரில் போட்டுக்கொள்ளும் காப்பு பலவிதம். டியூபுக்குள் ஊற்றும் திரவம் சின்ன ஓட்டைகளைத் தானே அடைக்கும். ஆனால் பக்கச்சுவரில் ஏறிய முள்ளுக்கு அது உதவாது. ஒட்டுப் போடுகிறவர்களுக்கு அதைக் கண்டாலே எரிச்சல், கழுவித் துடைக்காமல் ஒட்டு பிடிக்காது. பழைய டியூபை நீளமாக வெட்டி டயருக்கும் டியூபுக்கும் நடுவில் விரிப்பது இன்னொரு வழி. வயலோடு நிற்கும் வண்டிக்குச் சரி. சுமையோடு சாலையில் நெடுந்தூரம் ஓடினால் அந்த வெட்டு விளிம்பே டியூபைத் தேய்த்துவிடும். காற்றும் முக்கியம். வயலில் பின்சக்கரத்துக்குப் பன்னிரண்டு பவுண்டு அளவில் இருந்தால் டயர் முள்ளின் மேல் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். கல்லாக ஏற்றி வைத்தால் நேரே வாங்கிக்கொள்ளும். ரொம்பக் குறைத்தாலும் பக்கம் பிதுங்கி அங்கே குத்து வாங்கும். பின்டயரில் பாரத்துக்காகத் தண்ணீர் நிரப்பியிருப்பவர்களுக்குப் பஞ்சர் என்றால் நூறு லிட்டருக்கு மேல் வெளியே எடுத்து, திரும்ப நிரப்பும் வேலை.

இதெல்லாம் முள் ஏறிய பிறகோ, ஏறும்போதோ செய்வது. எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது வேறு.

"வயல் வாசல்ல என்ன போட்டிருக்கீங்க கௌட்ரே?" என்று டிராக்டர்காரரிடம் கடைக்காரர் கன்னடத்தில் கேட்டார்.

"முள்ளுப் படல்தான். மாடு நுழையாம இருக்க."

தினமும் காலையில் படலை இழுத்து ஓரம் போடுவார், மாலையில் இழுத்து அடைப்பார். இழுக்கும் தடத்திலெல்லாம் முள் உதிரும். அதே தடத்தில்தான் டிராக்டர் உள்ளே போகிறது, வருகிறது. வெளி முள் எதுவும் தேடி வந்து குத்தவில்லை. வேலி கழிக்கும்போதும் இதே கதைதான். வெட்டிய கிளையை வண்டித்தடத்தின் ஓரம் போடுகிறோம், காற்றும் ஆடும் அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன.

பிடுங்கிய முள்ளைக் கடைக்காரர் சாலையில் எறியவில்லை. ஒரு பழைய கிரீஸ் டப்பாவில் போட்டார். அதில் ஏற்கெனவே கால்வாசி முள்ளும் ஆணியும் கிடந்தன. ஒட்டு ஆறும்வரை கௌடர் டப்பாவைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தகரக் கேட் எவ்வளவு ஆகும்?" என்றார் கடைசியில். பிறகு அவரே, "கரும்புப் பணம் வரட்டும்" என்று சொல்லிக்கொண்டு வண்டியில் ஏறினார்.