இரத்தக் கொதிப்பும் இருதயம் பெருத்தலும்

பெங்களூரில் தொம்மலூர்ச் சொக்கநாத சுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுக்களைக் காணும்போது, நம்மவர் இங்கு வாழ்வது இன்று நேற்றல்ல என்பது விளங்கும். ஊர் மாறினாலும் நாக்கு மாறுவதில்லை. மாவடுவும் அப்பளமும் மோர் மிளகாயும் கருவாடும் ஊரிலிருந்து வந்தவண்ணம் இருக்கின்றன. இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இவற்றைப் பற்றி நாம் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது.

உடல் முழுவதற்கும் இரத்தத்தை உந்தித் தள்ளுவது இருதயத்தின் இடது கீழறை. குழாய்களில் அழுத்தம் மிகுந்தால், ஒவ்வொரு துடிப்பிலும் அது கூடுதல் பாரத்தை எதிர்த்து உழைக்க நேரிடுகிறது. மூட்டை தூக்குபவரின் புயம் திரள்வதுபோல் அதன் சுவர் தடிக்கிறது. தடிப்பது வலிமைதானே என்று எண்ணலாகாது. புயத்துக்கு இரவில் ஓய்வுண்டு; இதற்கு இல்லை. தடித்த சுவர் விறைத்துவிடுவதால் அறை இளகி இரத்தத்தை ஏற்பதில்லை. நாளடைவில் அறை விரிந்து தளரவும் கூடும். அமெரிக்காவில் ஃபிராமிங்காம் என்னும் ஊரில் 1948இல் தொடங்கிய நெடிய ஆய்வு, இத்தகையோருக்கு மாரடைப்பும் மரணமும் மிகுதி என்பதைக் காட்டிற்று.

யாருக்கு இது வரக்கூடும்? பல்லாண்டுகள் அழுத்தம் கட்டுக்கடங்காதிருந்தவர்களுக்கே முதலில். அளவைகளுள் மேல் எண்ணைப் பெரிதும் கவனிக்க வேண்டும். முதுமை, உடற்பருமன், நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, குடும்பவழி ஆகியவையும் துணைக் காரணங்கள். உரத்த குறட்டையோடு உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவோருக்கு இரவிலும் அழுத்தம் தணிவதில்லை. நம் வீட்டில் இதைக் கேலிப் பேச்சாக்கி விட்டுவிடுகிறோம்!

வயதை மாற்ற இயலாது, உப்பைக் குறைக்கலாம். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குழம்பு, இரசம், மோர் என்று உண்ணும் நமக்கு, ஊறுகாயைத் தொடுமுன்பே அது நிறைந்துவிடும்.

இந்நிலை நெடுநாள் வாய் திறப்பதில்லை. மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்குவது பெரும்பாலும் பிந்திய அறிகுறி. இ.சி.ஜி. சில வேளை இதைக் காட்டத் தவறும். எக்கோ சோதனை தெளிவாகக் காட்டும். பன்னேர்கட்டா சாலையிலுள்ள ஜயதேவா இருதயநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் அதற்கு வசதியுண்டு.

அழுத்தம் தொடர்ந்து அடங்கியிருந்தால், தடித்த சுவர் பல மாதங்களில் ஓரளவு மெலியவும் செய்கிறது. தொடர்ந்து என்பதே முக்கியம். பொங்கலுக்கு ஊர் செல்வோர் பலர் மாத்திரையைத் தொம்மலூரிலேயே விட்டுவிடுகின்றனர். தங்கும் நாட்களைவிட ஒரு வாரம் கூடுதலாக மாத்திரையும், மருத்துவர் எழுதிய சீட்டும் பெட்டியில் முதலில் வைக்கப்பட வேண்டியவை.