ஒரு மரம், இரண்டு பெயர், ஒரு சண்டை: சூடானின் ‘பாலைப் பேரீச்சை’ ஏன் முக்கியம்?

2012 ஏப்ரல். தெற்கு சூடான் தனி நாடாகி ஓராண்டுகூட ஆகவில்லை. எல்லையில் இருக்கும் ஹெக்லிக் எண்ணெய் வயலுக்குள் அந்நாட்டு ராணுவம் புகுந்தது. அப்போது சூடானின் எண்ணெய் உற்பத்தியில் ஏறக்குறைய பாதி இங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சும்மா விடுமா சூடான்? பதிலடி, சர்வதேச அழுத்தம் என்று சுமார் பத்து நாட்கள் பதற்றம். கடைசியில் தெற்கு சூடான் பின்வாங்கியது.

இந்தச் சண்டையில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ‘ஹெக்லிக்’ என்பது ஒரு முள்மரத்தின் அரபுப் பெயர். அதே இடத்தை டிங்கா இன மக்கள் ‘பாந்தௌ’ என்கிறார்கள். அதற்கும் அதே மரம் இருக்கும் ஊர் என்றுதான் அர்த்தம்!

அப்படி என்ன மரம் அது?

தாவரவியல் பெயர் பாலனைட்டஸ் ஈஜிப்டியாகா. ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘பாலைப் பேரீச்சை’. ஆனா, பேரீச்சைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. பழம் பார்க்க அப்படி இருக்கும், அவ்வளவுதான்.

செனகல் முதல் சூடான், எத்தியோப்பியா, அரேபியா வரை வறண்ட நிலங்களில் வளர்கிறது. சுமார் 10 மீட்டர் உயரம், விரல் நீளத்துக்குப் பச்சை முட்கள், ஆழமாக இறங்கும் ஆணிவேர். அதனால்தான் சுற்றிலும் புல்லெல்லாம் கருகிய பிறகும் இது பச்சையாக நிற்கிறது. நம்ம ஊர் வறண்ட காடுகளில் உள்ள ‘நஞ்சுண்டான்’ மரம் இதன் நெருங்கிய சொந்தம்.

எதையெல்லாம் சாப்பிடுகிறார்கள்?

சூடானில் பழத்தின் பெயர் ‘லாலோப்’. மேல்தோலை உடைத்தால் உள்ளே பிசுபிசுப்பான பழுப்புச் சதை. இனிப்பும் கசப்பும் கலந்த சுவை. மிட்டாய் மாதிரி வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே இருப்பார்கள்.

அதோடு முடியவில்லை. கெட்டியான கொட்டையை உடைத்தால் பருப்பு கிடைக்கும். அதன் எடையில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய், சமையலுக்கு ஆகும். பருப்பை வேகவைத்து, கசப்பு நீரை வடித்துவிட்டும் சாப்பிடலாம். இளம் இலைகள் கீரை ஆகின்றன. விளைச்சல் பொய்த்த காலங்களில் தெற்கு சூடானின் பல குடும்பங்களுக்கு இந்த இலையும் பழமும்தான் கைகொடுத்திருக்கின்றன.

சர்க்கரை நோய்க்கு மருந்தா?

எகிப்தின் நாட்டு மருந்துக் கடைகளில் சர்க்கரை நோய்க்கு என்று இந்தப் பழத்தை விற்கிறார்கள். விலங்குகளிடம் நடந்த ஆய்வுகளில் ரத்தச் சர்க்கரை குறைந்திருக்கிறது. ஆனால் மனிதர்களுக்கு இதுவே மருந்து என்று சொல்ல அது போதாது. ‘ஆப்பிரிக்க அதிசயப் பழம்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால், அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

நத்தையைக் கொல்லும் பழம்

பழத்திலும் பட்டையிலும் நுரை தரும் சப்போனின் என்ற பொருள் இருக்கிறது. அதனால் பட்டையையும் வேரையும் துணி துவைக்கப் பயன்படுத்துகிறார்கள். பில்ஹார்சியா நோயைப் பரப்பும் நன்னீர் நத்தைகளையும் இது கொல்லும். கார்ட்டூமில் பணியாற்றிய மருத்துவ ஆய்வாளர் ராபர்ட் ஆர்ச்சிபால்ட் 1933-லேயே இதைப் பற்றி எழுதினார். சிக்கல் என்னவென்றால், மீன்களும் சேர்ந்து செத்துப்போகும். கண்ட குளத்தில் எல்லாம் கொட்டிவிட முடியாது.

இப்போது என்ன பிரச்சினை?

இதன் கட்டை நன்றாக நின்று எரியும். நல்ல கரியும் கிடைக்கும். அதுவே மரத்துக்கு வினை. கன்றுகளை ஆடுகள் மேய்ந்துவிடுகின்றன. தப்பித்து வளரும் கன்று காய்க்க 5 முதல் 8 ஆண்டுகள் வரை ஆகும்.

சஹாராவின் தெற்கு விளிம்பில் சுமார் 8,000 கி.மீ. நீளத்துக்கு நிலத்தை மீட்க, ஆப்பிரிக்க ஒன்றியம் 2007-ல் ‘பெரும் பசுமைச் சுவர்’ திட்டத்தைத் தொடங்கியது. அதில் செனகல் நட்டுவரும் மரங்களில் இதுவும் ஒன்று. வறட்சியைத் தாங்கும், மேய்ப்பர்களுக்குப் பழமும் நிழலும் தரும் என்பதே காரணம்.

சூடானின் நிலைமையோ வேறு. 2023 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் வெடித்தது. 2024 ஆகஸ்டில் வட டார்ஃபூரின் ஜம்ஜம் முகாமில் பஞ்சம் உறுதி செய்யப்பட்டது. சந்தை மூடி, விதைப்பும் நின்றுபோகும் இப்படிப்பட்ட நேரத்தில்தான் காட்டு உணவின் தேவை கூடுகிறது. சமையல் எரிவாயு கிடைக்காமல் விறகுக்கும் கரிக்கும் மரம் வெட்டுவதும் அதே நேரத்தில்தான்.

வெட்ட ஒரு மணி நேரம் போதும். அதே இடத்தில் இன்று ஒரு கன்றை நட்டால், முதல் லாலோப் கிடைக்க இன்னும் ஐந்து வருடமாவது காத்திருக்க வேண்டும்.