மகிழ்வோரோடு மகிழ்வது ஏன் கடினமாக இருக்கிறது?



உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் (12:15) பவுலடியார் இரண்டு அறிவுரைகளை அடுத்தடுத்து வைக்கிறார். மகிழ்கிறவர்களோடு சேர்ந்து மகிழ வேண்டும், அழுகிறவர்களோடு சேர்ந்து அழ வேண்டும். இவற்றில் எது கடினம்? அழுவதுதான் என்று நமக்குச் சொல்லத் தோன்றும். ஆனால் 4ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியா நகர மக்களுக்கு மறையுரை ஆற்றிய புனித யோவான் கிறிசோஸ்தோம் நேர்மாறாக விளக்குகிறார். துன்பப்படுகிறவரைக் கண்டு கண்ணீர் விடுவதை நம் இயல்பே செய்துவிடும். அதற்குக்கூட இளகாத கல்நெஞ்சர் யாரும் இல்லை. பிறர் உயர்வதைக் கண்டு பொறாமைப்படாமல் இருப்பதோடு, அதில் இன்பமும் காண்பதற்குத்தான் உயர்ந்த உள்ளம் வேண்டும். ஆகவேதான் பவுல் அதை முதலில் வைத்தார் என்கிறார் அவர்.

இதற்குச் சாட்சி தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது, வேலை செய்தவர்கள் மட்டுமல்ல, பதறி ஓடிச் சென்ற அக்கம்பக்கத்து மக்களும் உயிரிழந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று நம் ஏழாயிரம்பண்ணைக்கு அருகே அச்சங்குளத்தில் நடந்ததையும் நாம் மறக்கவில்லை. வெடிச்சத்தம் கேட்டால், எந்த ஆலை, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுக்கொண்டே ஓடுகிற மக்கள் நாம். அழுகிறவர்களோடு அழ நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆனால் அதே தெருவில் ஒருவர் ஓட்டு வீட்டைப் பிரித்து கான்கிரீட் போட்டால் என்ன நடக்கிறது? நம்மோடு ஒரே செட்டில் மருந்து செலுத்துகிறவரின் மகளுக்கு அரசு வேலை உத்தரவு வந்தால்? வீட்டுக்குப் போகிறோம், மொய் எழுதுகிறோம், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். திரும்பி வரும் வழியில் மனம் கணக்குப் போடத் தொடங்குகிறது. அவர்களுக்கு ஏது இவ்வளவு பணம்? நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? இறந்த வீட்டில் முழு மனதோடு நின்ற நாம், விசேஷ வீட்டில் பாதி மனதோடு நிற்கிறோம்.

சவுல் அரசருக்கு நேர்ந்ததும் இதுதான் (1 சாமுவேல் 18). போரில் வென்று திரும்பியவர்களைப் பெண்கள் பாடி வரவேற்றார்கள். சவுலுக்கு ஆயிரக் கணக்கும் தாவீதுக்குப் பதினாயிரக் கணக்கும் சொன்னார்கள். சவுலின் ஆயிரத்தில் ஒன்றுகூடக் குறையவில்லை. வெற்றி அவருடைய நாட்டுக்குத்தான் கிடைத்தது. ஆனாலும் அடுத்தவருடைய எண்ணைக் கேட்ட நொடியில் தம்முடைய எண் அவருக்குச் சிறியதாகிவிட்டது. அன்றுமுதல் தாவீதின்மேல் கண் வைத்தார். தம் நிம்மதியைத்தான் இழந்தார். அதே அரண்மனையில் இருந்தவர் யோனத்தான். பட்டத்துக்கு உரிய இளவரசர் என்ற முறையில் தாவீதின் வளர்ச்சியால் அதிகம் இழக்கக்கூடியவர் அவர்தான். அவரோ தம் மேலங்கி, வாள், வில், கச்சை எல்லாவற்றையும் கழற்றித் தாவீதுக்குக் கொடுத்தார். ஒரே தாவீதைக் கண்டு தந்தை ஈட்டியை எடுத்தார்; மகன் நட்பைத் தேர்ந்துகொண்டார்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. நியாயமான கூலி கேட்பதும், ஒரே வேலைக்கு ஒருவருக்கு அதிகமாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் கொடுப்பதை எதிர்ப்பதும் பொறாமையா? இல்லை. 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒருவருடைய உயர்வால் நமக்குத் தீங்கு வரும் என்று அஞ்சி வருந்துவது பொறாமை ஆகாது. அவருக்குக் கிடைத்த நன்மை நமக்கும் வேண்டுமே என்று ஏங்குவதும் பொறாமை ஆகாது. நல்ல காரியத்துக்கான ஏக்கம் நம்மை உழைக்கவும் வைக்கும். அவருக்குக் கிடைத்தது நம்மைவிட உயர்ந்துவிட்டதே, அது இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று மனம் நோவதுதான் பொறாமை. மற்றவை நமக்கு நன்மை கேட்கின்றன. பொறாமையோ அடுத்தவருக்கு இழப்பைக் கேட்கிறது.

அப்படியானால் பிறர் மகிழ்ச்சியில் மகிழ எப்படிக் கற்றுக்கொள்வது? லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் நமக்கு ஓர் ஆசிரியை இருக்கிறார். அவர் எலிசபெத்து. குழந்தை இல்லை என்ற ஊர்ப்பேச்சை முதுமை வரைக்கும் சுமந்த பெண் அவர். கடைசியில் கருவுற்று ஆறாம் மாதத்தில் இருக்கும்போது, வயதில் சிறிய உறவுக்காரப் பெண் வாசலில் வந்து நிற்கிறார். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பேறு இன்னும் பெரியது. இத்தனை ஆண்டு நான் காத்திருந்தேன், அவளுக்கு இவ்வளவு எளிதாகவா என்று எலிசபெத்து கேட்டிருக்கலாம். ஆனால் அவரோ மரியாவை மனமார வாழ்த்தினார். மரியாவும் ஏறக்குறைய மூன்று மாதம் அவரோடு தங்கினார்.

அந்த வீட்டில் பிறந்த பிள்ளைதான் திருமுழுக்கு யோவான். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய சீடர்கள், எல்லாரும் இப்போது இயேசுவிடம் போகிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டு வந்தார்கள். யோவானோ தம்மை மணமகனின் தோழராகச் சொல்லி, தம் மகிழ்ச்சி நிறைவடைந்தது என்றார் (யோவான் 3:26-30). தாய் வாசலில் நின்று சொன்ன வாழ்த்து, மகனின் வாழ்வில் கனி தந்தது என்று சொல்லலாம் அல்லவா?

ஆகவே பெற்றோர்களே, பாடம் நம் வீட்டில்தான் தொடங்குகிறது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் நம்முடையது. அது பெருமைதான். ஆனால் முடிவு வந்த அன்று பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்டவுடன் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்காதிருப்போம். அந்தக் கேள்வி பிள்ளைக்கு ஒரே நாளில் இரண்டு காயங்களைத் தருகிறது. தன்னை மட்டமாக நினைக்கிறான். தன் நண்பனை எதிரியாக நினைக்கிறான்.

இரண்டாவது, நல்ல செய்தி கேட்டால் அன்றைக்கே நேரில் போய் வாழ்த்துவோம். வாழ்த்திய வாயால் "ஆனா" என்று இழுக்காமல் திரும்பி வருவோம். மனம் முழுமையாக ஒத்துழைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். கால் முதலில் போகட்டும், மனம் பின்னால் வரும்.

மூன்றாவது, யாருடைய உயர்வு நம் மனத்தை உறுத்துகிறதோ, அவருடைய பெயரை ஞாயிறு திருப்பலியில் சொல்லி நன்றி கூறுவோம். யாருக்காக நாம் நன்றி சொல்லத் தொடங்குகிறோமோ, அவரை நெடுநாள் வெறுக்க முடியாது.

ஒருவேளை உங்கள் மடி காலியாக இருக்கும்போது இன்னொருத்தி வளைகாப்புக்கு அழைக்கலாம். அப்போது கண் கலங்கினால் அது பாவமல்ல. நம் வலியை ஆண்டவரிடம் அழுதே சொல்லலாம். வலி இருக்கும் அதே நெஞ்சில் வாழ்த்துக்கும் இடம் உண்டு.

பிறருடைய நன்மையில் மகிழக் கற்றுக்கொள்ளாதவர் மிகக் குறைந்த மகிழ்ச்சியோடு வாழத் தம்மைத் தாமே தண்டித்துக்கொள்கிறார் என்ற பொருள்பட, திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலில் எழுதினார். நம் வீட்டு விசேஷங்களில் மட்டும் மகிழ்வோம் என்றால் வாழ்நாளில் எத்தனை நாள் தேறும்? ஊரில் உள்ள எல்லா வீட்டு விசேஷமும் நம்முடையதானால் ஆண்டு முழுவதும் திருவிழாதான்.

அன்பர்களே, நாம் செய்யும் மத்தாப்பும் புஸ்வாணமும் நாம் பார்த்திராத ஊர்களில், நமக்குப் பெயர் தெரியாத பிள்ளைகளின் கையில் ஒளி வீசுகின்றன. முகம் அறியாதவர்களின் மகிழ்ச்சிக்காக உயிரைப் பணயம் வைத்து உழைக்கிறவர்கள் நாம். அடுத்த வீட்டில் ஒரு விளக்கு கூடுதலாக எரியும்போதும் நம் முகம் மலர ஆண்டவர் அருள்புரிவாராக. ஆமென்.