நறுமண எண்ணெய்: குலுக்கைக்குள் பலம், வெயிலில் பலவீனம்

எலுமிச்சைத் தோலை மடித்து விளக்குச் சுடரின் அருகே பிதுக்கினால் படபடவென்று பொறி தெறிக்கும். தோலில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நுண்பைகள் உடைந்து, அவற்றிலிருந்து சிதறும் எண்ணெய் தீப்பிடிப்பதே காரணம். இதுதான் நறுமண எண்ணெய். எலுமிச்சையில் லிமோனீன், கிராம்பில் யூஜினால், ஓமத்தில் தைமால், எலுமிச்சைப்புல்லில் சிட்ரால் என ஒவ்வொன்றிலும் ஒரு முதன்மைப் பொருள் உண்டு. இவற்றில் பல, பூச்சியிடமும் பூஞ்சையிடமும் இருந்து செடியைக் காப்பவை.

வேப்பெண்ணெயும் புங்க எண்ணெயும் இந்த இனத்தில் சேராது. அவை விதையை ஆட்டி எடுக்கும் கொழுப்பு எண்ணெய்கள். காகிதத்தில் ஒரு சொட்டு வேப்பெண்ணெய் விட்டால் கறை அப்படியே நிற்கும்; நீலகிரித் தைலம் விட்டால் சற்று நேரத்தில் பறந்துவிடும். இந்த ஆவியாகும் குணமே நறுமண எண்ணெயின் பலம், பலவீனமும் அதுவே. மூடிய இடத்தில் அதன் ஆவி தங்கி வேலை செய்யும். வெட்டவெளியில் காற்றோடு போய்விடும்.

விதைக் குலுக்கையில்

சங்கரன்கோவில் வட்டாரக் கரிசல் காட்டில் உளுந்தும் பாசிப்பயறும் மானாவாரியாக விளைகின்றன. அடுத்த பருவத்துக்கு எடுத்துவைக்கும் விதையைக் கெடுப்பது பயறு வண்டு. காட்டிலேயே நெற்றின் மேல் முட்டையிட்டு, வீட்டுக்குள் வந்தபின் பெருகி, பயறில் வட்டத் துளையிட்டு வெளியேறும். இதற்கு நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் வசம்பு நல்ல காவல். 100 கிலோ விதைக்கு 1 கிலோ வசம்புப் பொடி கலப்பது வழக்கம். அதன் எண்ணெயில் உள்ள பீட்டா-அசரோன், பெண் வண்டின் சினைப்பையைப் பாதித்துப் பெருக்கத்தைத் தடுக்கிறது. குலுக்கை எனும் தானியக் கலனின் மூடி இறுக்கமாக இருந்தால்தான் ஆவி உள்ளே நிற்கும். பயறுக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட புழுவை எட்டுவது கடினம் என்பதால், நன்றாகக் காயவைத்த உடனேயே கலக்க வேண்டும். பீட்டா-அசரோன் உடலுக்குத் தீங்கானது. ஆகவே இம்முறை விதைக்கு மட்டுமே உரியது. சமையலுக்கு வைக்கும் பருப்புக்கு ஆகாது.

மாந்தோப்பில்

மேற்குமலை அடிவாரத் தோப்புகளில் மாங்காய் பழுக்கும் நேரத்தில் பழ ஈ வருகிறது. அதைப் பிடிக்கும் வழி இந்தியாவில்தான் கண்டறியப்பட்டது. பிகாரின் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பூச்சியியலாளர் எஃப். எம். ஹௌலட், சிட்ரோனெல்லா எண்ணெயைத் தேடி ஆண் பழ ஈக்கள் வருவதை 1912-ல் எழுதினார். ஈயை இழுப்பது மெத்தில் யூஜினால் என்ற பொருள் என்று 1915-ல் உறுதிசெய்தார். துளசியிலும் இப்பொருள் உண்டு.

இன்றைய பொறியில் சாராயம், மெத்தில் யூஜினால், மாலத்தியான் மூன்றையும் 6:4:1 அளவில் கலந்து, அதில் ஊறிய ஒட்டுப்பலகைத் துண்டைத் துளையிட்ட பாட்டிலுக்குள் தொங்கவிடுகிறார்கள். மருந்து பழத்தில் படுவதில்லை. இழுக்கப்படுவது ஆண் ஈ மட்டுமே. ஆண் குறைந்தால் இணைசேர்க்கை குறையும். ஒருவர் தோப்பில் மட்டும் கட்டினால், பக்கத்துத் தோப்பில் இணைசேர்ந்த பெண் ஈ வந்து முட்டையிடும். ஊரே சேர்ந்து, காய் முற்றும் முன்பே கட்டினால்தான் பலன்.

மீன் வாளியில்

கெண்டை மீன்களை எடைபார்க்கும்போதும் சினைமீனிடம் முட்டை எடுக்கும்போதும் அவை துள்ளிச் செதில் உதிர்த்துக் காயப்படும். கிராம்பு எண்ணெய் இங்கே மயக்கமருந்து. லிட்டருக்கு சுமார் 50 மில்லிகிராம், அதாவது 10 லிட்டர் வாளிக்கு ஏறத்தாழ அரை மில்லி. எண்ணெய் நீரில் கரையாததால் முதலில் சாராயத்தில் கரைத்துப் பிறகு வாளியில் கலக்குவார்கள். சில நிமிடங்களில் மீன் தள்ளாடும், பக்கவாட்டில் சாயும், செவுள் அசைவு மெதுவாகும். அந்த நேரத்தில் வேலையை முடித்து நல்ல தண்ணீரில் விட்டால் நிமிர்ந்து நீந்தும். தாமதித்தால் செவுள் அசைவே நின்று மீன் செத்துப்போகும். கிராம்புக்குத் தொலைவு போகவேண்டியதில்லை. கன்னியாகுமரி மாவட்டக் கிராம்பு 2021-ல் புவிசார் குறியீடு பெற்றது. உணவு மீனுக்கான விதி நாட்டுக்கு நாடு வேறு: அமெரிக்கா கிராம்பு எண்ணெயை அனுமதிப்பதில்லை.

தீவனத்தில்

வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. அதன்பின் தைமால், கார்வக்ரால் போன்ற நறுமண எண்ணெய்ப் பொருள்களின் மேல் கவனம் கூடியது. இவை பாக்டீரியாவின் மேல்சவ்வைக் குலைக்கின்றன. மீன் தீவனக் குருணை தயாராகும் சூட்டில் பறந்துவிடும் என்பதால், நுண்ணுறையில் அடைத்தோ, ஆறிய குருணையின் மேல் பூசியோ சேர்க்கிறார்கள். இது குடலைப் பேணும் துணை. நோய் முற்றிய குளத்துக்கு மருந்தாகாது.

திறந்த வயலில்

புளியங்குடி எலுமிச்சை 2025-ல் புவிசார் குறியீடு பெற்றது. வரத்து மிகுந்து விலை சரியும் நாட்களில், அந்தப் பழத்தின் தோலில் இருக்கும் எண்ணெய்க்கும் ஒரு மதிப்பு உண்டு. லிமோனீன் தெளிப்பு, வெள்ளை ஈ போன்ற மென்னுடல் பூச்சிகளின் மெழுகுப் பூச்சைக் கரைத்து உலர்த்திக் கொல்கிறது. ஆனால் பட்ட பூச்சிதான் சாகும். மறுநாள் வரும் பூச்சிக்கு வயலில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. இலையின் மெழுகையும் அது கரைப்பதால், உச்சிவெயிலில் தெளித்தால் இலை கருகும். நீரில் கலக்கப் பால்மமாக்கி வேண்டும், வெயில் தாழ்ந்தபின் தெளிக்க வேண்டும், முதலில் நாலைந்து செடிகளில் சோதிக்க வேண்டும்.

மண், பருவம், வடிக்கும் முறை மாறினால் எண்ணெயின் கலவையும் மாறும். நசுக்கிக் காய்ச்சி வடித்த எலுமிச்சை எண்ணெயும், தோலை அழுத்திப் பிழிந்த எண்ணெயும் மணத்திலேயே வேறுபடும். ஆகவே புட்டியில் முதன்மைப் பொருளின் விழுக்காடு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். பூச்சிமருந்தாக விற்கப்படுவது எதுவானாலும், 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். மணக்கும் மருந்துக்கும் அந்த விதி பொருந்தும்.